மூடி கழற்றாத கார்டு

ஒரு ஊரில் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு கணினிக் கடை இருந்தது. அந்தக் கடை அலமாரியில் இருந்த சாமான்கள் எல்லாம் பேசும். கடைக்கு வருகிறவர்களுக்கு அடுத்தவர் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்கும் பழக்கம் இல்லாததால், இந்த விஷயம் வெளியே தெரியாமலே இருந்தது.

ஒரு நாள் காலை அந்தக் கடைக்குள் ஒரு குடும்பம் நுழைந்தது. தட்சிணாமூர்த்தி, அவர் மனைவி கலைவாணி, கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் மகள் மிருதுளா. மூவருக்கும் முன்னால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தவர் கலைவாணியின் அண்ணன் சுகுமாரன்.

நம் ஊரில் செருப்பு வாங்கத் தனியாகப் போகலாம். கம்ப்யூட்டர் வாங்க, விஷயம் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டுதான் போக வேண்டும். சுகுமாரன் விஷயம் தெரிந்தவர். இருபது வருஷத்துக்கு முன்பு பிரவுசிங் சென்டர் நடத்தியவர். அதன் பிறகு கம்ப்யூட்டர்கள் எவ்வளவோ மாறிவிட்டன என்று யாரோ சொல்லக் கேட்டிருக்கிறார். ஆனால் நம்பவில்லை.

“வீட்டு உபயோகத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் வேணும். விலை கம்மியா இருக்கணும். பத்து வருஷம் உழைக்கணும்” என்றார் தட்சிணாமூர்த்தி.

“பொண்ணு படிப்புக்குத்தான்” என்றாள் கலைவாணி, யாரும் கேட்காமலே.

“கேமும் ஓடணும்” என்றாள் மிருதுளா, தரையைப் பார்த்துக்கொண்டு.

“அதாவது படிப்புக்கு” என்று சுகுமாரன் கடைக்காரருக்கு விளக்கினார்.

கடைக்காரர் அன்வர் தலையாட்டினார். அவர் கடை திறந்த நாளிலிருந்து படிப்பைத் தவிர வேறு எதற்கும் ஒரு கம்ப்யூட்டர் கூட விற்றதில்லை.

தட்சிணாமூர்த்தியின் சட்டைப்பையில் பட்ஜெட் உட்கார்ந்திருந்தது. மெலிந்த ஆசாமி. கோபம் மட்டும் அதிகம். “என்னைத் தாண்டி ஒருத்தனும் போகக் கூடாது” என்று பையிலிருந்தபடியே அலமாரியைப் பார்த்து அதட்டியது.

“முதலில் நான்” என்றது கண்ணாடிப் பெட்டி. உள்ளே ஏழு நிறத்தில் விளக்கு எரியும் பெட்டி அது. “என் வேலை, மற்றவர்களை உள்ளே வைத்துக்கொண்டு அழகாக நிற்பது. கஷ்டமான வேலை.”

சுகுமாரனுக்கு அதைப் பார்த்தவுடன் பிடித்துவிட்டது. “லைட்டு எரியுது பாருங்க மாப்ளே. ஹாலுக்கே ஒரு களை வந்துடும்” என்றார். பெட்டி பட்டியலில் சேர்ந்தது. பட்ஜெட் கொஞ்சம் இருமியது.

அடுத்து புராசஸர் வந்தது. இதுதான் கணினிக்கு மூளை. அதன் வீட்டுக்குள்ளேயே ஒரு சின்னச் சித்திரக்காரன் குடியிருந்தான். திரையில் எழுத்து, பூப்படம், சீட்டாட்டம் என்று சின்னச் சின்னப் படங்கள் வரைவது அவன் தொழில். அவனுக்குத் தனி விலை கிடையாது. புராசஸரோடு ஒட்டிக்கொண்டு வந்தவன். அதனால் அவன் இருப்பதே யாருக்கும் தெரியாது.

கடைசியாக அன்வர் ஒரு நீளப் பெட்டியைப் பிரித்து கிராபிக்ஸ் கார்டை எடுத்தார். பெரிய சித்திரக்காரர் அவர். ஓடும் குதிரை, வெடிக்கும் மலை, பறக்கும் தோட்டா எதையும் கண் இமைப்பதற்குள் வரைந்து தள்ளுவார். முதுகில் இரண்டு விசிறிகள். பக்கவாட்டில் மானிட்டர் வயரைச் சொருகுவதற்கான வாய்கள். அவற்றை மூடிக் கறுப்பு நிறத்தில் சின்னச் சின்னப் பிளாஸ்டிக் மூடிகள்.

விலையைக் கேட்டதும் சட்டைப்பைக்குள் பட்ஜெட் மயங்கி விழுந்தது.

“இது எதுக்கு? இது இல்லாமலே படம் வரும்ல?” என்றார் தட்சிணாமூர்த்தி.

“வரும் சார். சின்ன வேலைக்குப் போதும். கேமுக்குத்தான் பத்தாது” என்றார் அன்வர்.

“வேணாம்பா” என்றார் சுகுமாரன். “என் சென்டர்ல பன்னெண்டு மிஷின் வச்சிருந்தேன். ஒண்ணுல கூட இதெல்லாம் கிடையாது.”

அப்போதுதான் மிருதுளா நிமிர்ந்தாள். கல்லூரியில் அவளும் நான்கு தோழிகளும் சேர்ந்து ஒரு விளையாட்டுக் குழு வைத்திருந்தார்கள். ஐந்து பேரும் அவரவர் வீட்டிலிருந்து ஒரே நேரத்தில் ஆட வேண்டும். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிக்குப் பெயர் கொடுத்தாகிவிட்டது. மிருதுளாவிடம் மட்டும் கம்ப்யூட்டர் இல்லை. “உனக்காக இடம் பிடிச்சு வச்சிருக்கேன், சீக்கிரம் வந்து சேரு” என்று குழுத் தலைவி ரெஜினா சொல்லியிருந்தாள். பள்ளிக்கூடத்தில் கபடிக் குழுவில் கூட மிருதுளாவை யாரும் சேர்த்துக்கொண்டதில்லை. இப்போதுதான் முதல்முறையாக அவளுக்கென்று ஓர் இடம் கிடைத்திருந்தது.

“அப்பா, பெரிய மானிட்டர் வேணாம். சின்னதே போதும். லைட்டு வச்ச கீபோர்டு வேணாம். சேர் வேணாம், பழைய பிளாஸ்டிக் சேர்லயே உக்காந்துக்கறேன். தீபாவளிக்கு டிரஸ்ஸும் வேணாம். இது ஒண்ணு மட்டும் போதும்ப்பா” என்றாள்.

தட்சிணாமூர்த்தி மகளைப் பார்த்தார். பிறகு பையிலிருந்த பட்ஜெட்டின் முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பினார்.

கார்டுக்குக் கண் கலங்கிவிட்டது. “எனக்காக ஒரு பெண் புதுத்துணியை விட்டுக் கொடுத்திருக்கிறாள். இவளுக்காகத் தீயாக வேலை செய்வேன்” என்று அலமாரியில் இருந்தவர்களிடம் சபதம் செய்தது.

“முதலில் வேலை கொடுக்கிறார்களா பார்” என்றது ஒரு பழைய பிரிண்டர். விலைபோகாமல் மூலையிலேயே கிடந்து கசந்துபோனது அது.

அன்வர் எல்லாவற்றையும் பெட்டிக்குள் பொருத்தினார். கார்டின் ஒரு மூடியைக் கழற்றி, வயரைச் சொருகி, படம் வருகிறதா என்று பார்த்தார். கார்டு ஒரே ஒரு நீலத் திரையை வரைந்து காட்டியது. அவ்வளவு பிரமாதமான நீலம். பார்த்த கையோடு அன்வர் வயரைப் பிடுங்கி, மூடியை மறுபடியும் போட்டுவிட்டார். மூடி இல்லாத சாமானைக் கொடுத்தால் ‘இது செகண்ட் ஹேண்டா?’ என்று கேட்கும் ஊர் இது.

மிருதுளா ஆட்டோ பிடிக்க வெளியே போயிருந்தாள். “சார், வீட்ல போய் மானிட்டர் வயரை…” என்று அன்வர் தொடங்கினார்.

“தம்பி, நான் பிரவுசிங் சென்டர் நடத்துனவன்” என்றார் சுகுமாரன்.

அதற்கு மேல் சொல்ல என்ன இருக்கிறது? அன்வர் வாயை மூடிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் கண்ணாடிப் பெட்டிக்குச் சந்தனம், குங்குமம், பூ. ஹாலில் டி.வி.க்குப் பக்கத்தில் இடம். அந்த வீட்டுக்கு ஒரு வழக்கம் உண்டு. புதிதாக எது வந்தாலும் அதன் மேலிருக்கும் பிளாஸ்டிக்கைக் கழற்ற மாட்டார்கள். டி.வி. ரிமோட் கவருக்குள் இருந்தது. எந்தப் பட்டன் எதற்கு என்று தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பிரிட்ஜின் கதவில் வாங்கிய நாளில் ஒட்டியிருந்த தாள் ஓரமெல்லாம் சுருண்டு, நடுவில் மட்டும் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஸ்கூட்டர் சீட்டில் மழைக்காலத்தில் பிளாஸ்டிக்குக்குள் தண்ணீர் புகுந்து தட்சிணாமூர்த்தியின் வேட்டியை நனைக்கும். கலைவாணி அதற்கெல்லாம் அசைந்து கொடுக்க மாட்டாள். “புதுசு புதுசா இருக்க வேணாமா?” என்பாள்.

ஆகவே மானிட்டர் திரையின் மேலிருந்த தாளும் அப்படியே இருந்தது.

சுகுமாரன் பெட்டிக்குப் பின்னால் குனிந்தார். அங்கே மானிட்டர் வயரைச் சொருக இரண்டு இடம் இருந்தது. மேலே மதர்போர்டில், அதாவது புராசஸர் குடியிருக்கும் பலகையில், ஒரு வாய் திறந்தபடி இருந்தது. அதற்குக் கீழே, இரண்டு விரல் தள்ளி, கார்டின் வாய்கள் மூடியோடு இருந்தன.

“கீழே! கீழே! நான் இங்கே இருக்கிறேன்!” என்று கார்டு கூவியது.

“இது கம்பெனியே மூடி அனுப்பிருக்கான். தொட்டா வாரண்டி போயிடும்” என்றார் சுகுமாரன். அவருடைய சென்டரில் எல்லா வயரும் மேலேதான் சொருகப்பட்டிருந்தது. இதையும் மேலேயே சொருகினார். திரையில் படம் வந்தது. எல்லோரும் கை தட்டினார்கள்.

“பாத்தீங்களா? இனிமே யாரும் பின்னால கை வைக்கக் கூடாது” என்று சொல்லிவிட்டு, பெட்டியைச் சுவரோரம் தள்ளி வைத்தார். பிறகு வடையும் பாயசமும் சாப்பிட்டார்.

உள்ளே நடந்தது வேறு. கைத்தட்டல் விழுந்த படத்தை வரைந்தவன் புராசஸர் வீட்டுச் சின்னச் சித்திரக்காரன். கார்டுக்கு மின்சாரம் வந்தது, விளக்கு எரிந்தது, பெயர்கூட மின்னியது. வேலை மட்டும் வரவில்லை.

“ஐயா வயரே, தப்பான இடத்தில் இருக்கிறீர். கொஞ்சம் கீழே இறங்கி வந்தால் போதும்” என்றது கார்டு.

“என்னை எங்கே சொருகினார்களோ அங்கேதான் இருப்பேன்” என்றது வயர். “பெரியவர் கையால் நல்ல நேரத்தில் சொருகியது. நீ புதுசு. உனக்கு இந்த வீட்டு மரியாதை தெரியாது.”

“ஆனால் வேலை கெட்டுப்போகுமே?”

“வேலை கெட்டால் என்ன? மரியாதை கெடவில்லையே.”

கார்டு புராசஸரிடம் முறையிட்டது. புராசஸர் பெரிய அதிகாரி. எதையும் நிதானமாகத்தான் சொல்லும். “திரையில் படம் வருகிறது. வேலை நடக்கிறது. யார் செய்கிறார் என்பது நிர்வாகத்துக்குத் தேவையில்லாத விஷயம். உமக்குச் சம்பளம் போல மின்சாரம் வருகிறதல்லவா? பேசாமல் இரும்.”

“சும்மா இருக்கவா என்னை இவ்வளவு விலை கொடுத்து வாங்கினார்கள்?”

“விலை அதிகமானவர்களைச் சும்மா வைத்திருப்பதுதானே எல்லா இடத்திலும் வழக்கம்” என்றது புராசஸர்.

கண்ணாடிப் பெட்டிக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்திருந்தது. வீட்டுக்கு வருகிறவர்களை எல்லாம் கலைவாணி அதன் முன்னால் கூட்டி வந்து நிறுத்துவாள். “இந்தக் கார்டு ஒண்ணுதான் இதுலயே பெரிய விலை” என்பாள். வந்தவர்கள் கண்ணாடி வழியாக உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். “அடேயப்பா” என்பார்கள். கார்டு வெட்கத்தில் விசிறியை நிறுத்திக்கொள்ளும். செய்யாத வேலைக்குப் பாராட்டு வாங்குவது பழகாத ஜாதி அது.

தட்சிணாமூர்த்தி சாயங்காலம் ஆபீசிலிருந்து வந்து, சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுச் சீட்டாட்டம் ஆடுவார். அதைச் சின்னச் சித்திரக்காரன் அழகாக வரைந்து கொடுப்பான். ராஜா, ராணி, ஜாக்கி எல்லாம் பளிச்சென்று இருக்கும். “அருமையான மிஷின். கார்டுன்னா கார்டுதான்” என்று தட்சிணாமூர்த்தி மெச்சிக்கொள்வார்.

பிறகு மிருதுளா வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து விளையாட்டைத் திறப்பாள். அப்போது தொடங்கும் சித்திரக்காரனின் பாடு. மலையை வரைவதற்குள் மரம் வரும். மரத்தை வரைவதற்குள் எதிரி வருவான். எதிரிக்குத் தலை வரைந்து முடிப்பதற்குள் அவன் மிருதுளாவைச் சுட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருப்பான். திரையில் எல்லாம் விட்டு விட்டு, நொண்டி நொண்டி நகரும்.

ஹெட்போனில் ரெஜினாவின் குரல் வெடிக்கும். “மிருது! ஏன்டி மரம் மாதிரி நிக்கற? ஓடுடி!”

“ஓடிட்டுத்தான்டி இருக்கேன். இங்க படம்தான் வர மாட்டேங்குது!”

“புது கம்ப்யூட்டர்னு சொன்ன?”

குழு தோற்றது. அடுத்த ஆட்டத்திலும் தோற்றது. இரண்டுக்கும் காரணம் மிருதுளா என்று எல்லோருக்கும் தெரிந்தது. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

பெட்டிக்குள் சித்திரக்காரன் மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தான். “அண்ணே, இது என் சக்திக்கு மீறின வேலை. நீங்கள் ஒரு கை கொடுக்கக் கூடாதா?” என்று கார்டைக் கேட்டான்.

“வாய் மூடியிருக்கிறதே தம்பி, வரைந்ததை எந்த வழியாக அனுப்புவேன்?” என்றது கார்டு. அதற்கு அழுகையே வந்துவிட்டது. “அந்தப் பெண் என்னைத்தான் நம்பினாள். நான் கண்ணாடிக்குள் பொம்மை மாதிரி உட்கார்ந்துகொண்டு அவள் தோற்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.”

வீட்டில் வைத்தியம் ஆரம்பமானது. சுகுமாரன் வந்து மானிட்டரைத் தொட்டுப் பார்த்தார். கீபோர்டைத் தட்டிப் பார்த்தார். “நெட் ஸ்லோ” என்றார். நெட்டை மாற்றினார்கள். “ரேம் பத்தல” என்றார். ரேம் வாங்கினார்கள். “வோல்டேஜ் சரியில்ல” என்றார். மின்வாரியத்தைத் திட்டினார்கள். கலைவாணி தன் பங்குக்கு, வருகிறவர் போகிறவர் கண் பட்டிருக்கும் என்று ஓர் எலுமிச்சம்பழத்தைப் பெட்டியின் தலையில் வைத்தாள். அது விளக்கு வெளிச்சத்தில் ஏழு நிறமாகத் தெரிந்தது.

“மாமா, பின்னால வயரை ஒரு தடவை பாக்கலாமா?” என்று மிருதுளா ஒரு நாள் கேட்டாள்.

“ஏம்மா, மாமா போட்டதுல சந்தேகமா?” என்றார் சுகுமாரன். குரலில் சிரிப்பு இருந்தது. முகத்தில் இல்லை.

“ஏய், பெரியவங்களை அப்படிக் கேக்கலாமா?” என்று கலைவாணி அதட்டினாள். மிருதுளா அடங்கிவிட்டாள். அந்த வீட்டில் கம்ப்யூட்டரைப் பின்பக்கம் திருப்புவதும் மாமாவை முகம் திருப்ப வைப்பதும் ஒன்றாகிவிட்டது.

கடைசியில் ரெஜினா போன் செய்தாள். “ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மேட்ச். அன்னைக்கும் இப்படியே இருந்துச்சுன்னா வேற ஆளைப் போட்டுக்க வேண்டியதுதான். தப்பா எடுத்துக்காதடி. மத்த மூணு பேரும் என்னைப் பிடிச்சுத் திட்டறாளுங்க.”

“எடுத்துக்கல” என்றாள் மிருதுளா. குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

மகள் முகம் வாடியதைப் பார்த்த வீட்டார் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். நம் வீடுகளில் கூடிப் பேசினால் கண்டிப்பாக ஒரு முடிவு வந்துவிடும். சரியான முடிவுதான் வர வேண்டும் என்று கட்டாயமில்லை.

“அந்தக் கார்டுதான் தண்டம்” என்றார் சுகுமாரன். “நான் அன்னைக்கே சொன்னேன். அதை வித்துட்டுப் பெரிய மானிட்டரா ஒண்ணு வாங்கிப் போடுவோம். கேம் தானா ஓடும்.”

“எனக்குச் சீட்டு நல்லாத்தானே ஓடுது மச்சான்?” என்றார் தட்சிணாமூர்த்தி.

“அது ஓடும் மாப்ளே. அதுக்குக் கார்டு எதுக்கு?” என்றார் சுகுமாரன். அந்த ஒரு வாக்கியத்தில் மட்டும் அவர் தன்னை அறியாமல் உண்மையைச் சொல்லிவிட்டார். யாரும் கவனிக்கவில்லை.

“இவதான் ஒத்தக்கால்ல நின்னு வாங்கினா” என்றாள் கலைவாணி. “இவ கேட்ட சாமான்தான் வேலை செய்யல பாருங்க.”

மிருதுளாவுக்கு அதுதான் ஊசியாகக் குத்தியது. கார்டு போவது ஒரு பக்கம் இருக்கட்டும். அவளாகத் தேர்ந்தெடுத்த ஒரே பொருள் அது. இனி இந்த வீட்டில் அவள் எதைக் கேட்டாலும், புடவையோ, படிப்போ, மாப்பிள்ளையோ, ‘அந்தக் கார்டு மாதிரிதான்’ என்ற ஒரு பேச்சு வந்து நிற்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலை சுகுமாரன் திருப்புளியோடு வந்தார். தட்சிணாமூர்த்தி ஆடிக்கொண்டிருந்த சீட்டாட்டம் திரையில் இருக்கும்போதே பெட்டியைச் சுவரிலிருந்து இழுத்துப் பின்பக்கத்தைத் திருப்பி வைத்தார். வாங்கப்போகிற ஆளோடு போனில் பேச்சு தொடங்கியது.

“விற்கிறார்கள்” என்றது கண்ணாடிப் பெட்டி, கவலையோடு. “இனி என்னை யார் எட்டிப் பார்ப்பார்கள்?”

“போய் வாருங்கள்” என்றது புராசஸர். “உமது சேவையை நிர்வாகம் மறக்காது.”

“நான் என்ன சேவை செய்தேன்?” என்றது கார்டு.

“அதனால்தான் மறப்பதற்கு எதுவும் இல்லை என்கிறேன்.”

கார்டு திரும்பி மிருதுளாவைப் பார்த்தது. அவள் சமையலறை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ‘என்னை மன்னித்துவிடு பெண்ணே’ என்று சொல்ல நினைத்தது. மூடியிருந்த வாயால் எதைச் சொல்ல முடியும்?

சுகுமாரன் போனில் உற்சாகமாக இருந்தார். “புத்தம் புதுசு சார். சாமி சத்தியமா யூஸே பண்ணல. எங்க வீட்ல எதையும் பத்திரமா வச்சுக்கற பழக்கம். வயர் சொருகற இடத்துல கம்பெனி மூடி இருக்கும்ல, அது கூட இன்னும் கழட்டல சார்!”

மிருதுளாவின் கைக்கட்டு அவிழ்ந்தது.

“மாமா, என்ன சொன்னீங்க?”

“விலை பேசிட்டு இருக்கேன்மா, இரு.”

“மூடி எதுக்கு மாமா இருக்கு?”

“தூசு போகாம இருக்கத்தான்.”

“எதுக்குள்ள போகாம?”

“வயர் சொருகற…” என்று சுகுமாரன் சொல்லி, பாதியில் நின்றார். போனில் அந்தப் பக்கத்து ஆள் “ஹலோ, ஹலோ” என்று கத்திக்கொண்டிருந்தான்.

மிருதுளா பெட்டிக்குப் பின்னால் வந்து மண்டியிட்டாள். மேலே ஒரு வாயில் வயர் இருந்தது. கீழே ஒரு வரிசை மூடிகள். ஒன்றை நகத்தால் நெம்பினாள்.

“அடியே, கழட்டாதடி! புதுசு!” என்று கலைவாணி ஓடி வந்தாள்.

“நான் போட்ட வயர்ல கை வைக்காதம்மா” என்றார் சுகுமாரன்.

“அம்மா, இதைக் கழட்டாம வச்சிருந்து என்ன சாதிச்சோம்? மாமா, நீங்க போட்டது தப்பு மாமா” என்றாள் மிருதுளா. வாழ்க்கையில் முதல்முறையாக அந்த வாக்கியத்தை முழுதாகச் சொல்லி முடித்தாள். மூடி கழன்று தரையில் உருண்டது. மேலேயிருந்த அதே வடிவம். அதே அளவு. அவள் மேலிருந்த வயரைப் பிடித்து இழுத்தாள்.

“அபசாரம்!” என்று வயர் அலறியது. “பெரியவர் சொருகினது! நல்ல நேரம்! மரியாதை!” அது சொல்லி முடிப்பதற்குள் கீழே போய் உட்கார்ந்துவிட்டது.

திரை இருண்டது.

“போச்சு” என்றார் தட்சிணாமூர்த்தி. “என் சீட்டும் போச்சு.”

“சொன்னாக் கேட்டாத்தானே” என்றாள் கலைவாணி.

கார்டு மூச்சை இழுத்தது. அன்றைக்குக் கடையில் ஒரே ஒரு நீலத்தை வரைந்ததோடு சரி. இத்தனை நாள் கை முடங்கிக் கிடந்தவருக்குத் தூரிகையை எப்படிப் பிடிப்பது என்றே ஒரு கணம் மறந்துவிட்டது. “அண்ணே, வரையுங்கள்” என்றான் சின்னச் சித்திரக்காரன்.

திரையில் வெளிச்சம் வந்தது.

சுகுமாரன் போனைக் காதில் வைத்து, “சார், அது விக்கறதுக்கு இல்ல. பொண்ணு ஆசைப்பட்டு வாங்கினது. ஃபேமிலி சென்டிமென்ட்” என்றார். பிறகு எல்லோரையும் பொதுவாகப் பார்த்து, “நானும் அதைத்தான் பாக்கலாம்னு திருப்பி வச்சேன்” என்றார். அவரைக் காப்பாற்ற வேண்டிய கடமை எல்லோருக்கும் இருந்தது. “அண்ணனுக்குத் தெரியாததா?” என்று கலைவாணி காபி கலக்கப் போனாள்.

சாயங்காலம் மேட்ச். மிருதுளா பிளாஸ்டிக் நாற்காலியில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். மலை வந்தது, மரம் வந்தது, மரத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்த எதிரி தலையோடும் முகத்தோடும் வந்தான். அவன் துப்பாக்கியைத் தூக்குவதற்குள் மிருதுளா அவனைச் சாய்த்தாள். அடுத்தவனையும் சாய்த்தாள். ரெஜினா இரண்டு பேர் நடுவில் மாட்டிக்கொண்டபோது பாய்ந்துபோய் மீட்டுக் கொண்டுவந்தாள்.

“மிருது! இன்னைக்கு என்னடி சாப்ட்ட?” என்று ஹெட்போனில் கத்தினாள் ரெஜினா.

“வழிய விடுடி, இன்னும் ஒருத்தன் இருக்கான்!” என்று மிருதுளா திருப்பிக் கத்தினாள். அவள் குரல் தெருமுனை வரை கேட்டது.

பெட்டிக்குள் கார்டு தீயாக வேலை செய்துகொண்டிருந்தது. உடம்பு கொதித்தது. இரண்டு விசிறியும் சுழன்று இரைந்தன. கண்ணாடி சூடாகிப் பெட்டி முகம் சுளித்தது. அந்தக் கூட்டில் அன்றைக்குத்தான் எல்லோரும் உயிரோடு இருந்தார்கள்.

குழு ஜெயித்தது. ஹெட்போனுக்குள் நான்கு பெண்கள் ஒரே நேரத்தில் அலறினார்கள். “அடுத்த மேட்சுக்கும் நீதான்டி” என்றாள் ரெஜினா.

மிருதுளா திரும்பிப் பார்த்தாள். ஹாலில் மொத்தக் குடும்பமும் நின்றுகொண்டிருந்தது. பாராட்டத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்துச் சிரித்தாள்.

“என்னம்மா இது, மாவு மிஷின் மாதிரி சத்தம் போடுது?” என்றார் தட்சிணாமூர்த்தி. “டி.வி.ல நியூஸ் கேக்க முடியல.”

“கிட்டப் போனா அனல் அடிக்குது. கரண்ட் பில்லு எகிறப்போகுது” என்றாள் கலைவாணி. “இவ்வளவு நாள் எவ்வளவு சமத்தா இருந்துச்சு!”

“வேலை செய்யாம இருந்தவரைக்கும் நல்ல கார்டாத்தான் இருந்துச்சு” என்றார் சுகுமாரன்.

மிருதுளா ஹெட்போனை மறுபடியும் மாட்டிக்கொண்டு, அடுத்த ஆட்டத்துக்கான பட்டனை அழுத்தினாள்.

உள்ளே கார்டு திகைத்துப்போய் நின்றது. “கேட்டாயா தம்பி? சும்மா இருந்தபோது ஊரைக் கூட்டிப் பெருமை பேசினார்கள். உயிரைக் கொடுத்து வேலை செய்கிறேன், திட்டுகிறார்கள். நான் என்ன தப்பு செய்தேன்?”

சின்னச் சித்திரக்காரன் வாங்கிய நாளிலிருந்து இன்றைக்குத்தான் முதன்முதலாகக் காலை நீட்டிப் படுத்திருந்தான். புரண்டுகூடப் படுக்காமல் சொன்னான்:

“திட்டு விழுந்துவிட்டதா அண்ணே? அப்படியென்றால் நீங்கள் வேலைக்குச் சேர்ந்தாகிவிட்டது.”